ஒரு பவுனுக்கு 330 கிலோ கழிவு: கோலார் தங்கவயலின் எழுதப்படாத கணக்கு

தங்கத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எத்தனை டன் எடுத்தார்கள், எவ்வளவு ஆழம் போனார்கள், எந்தத் துரை முதலில் வந்தார் என்று எழுதுவார்கள். கல்லிலிருந்து தங்கத்தை எப்படிப் பிரித்தார்கள், பிரித்த பிறகு மிச்சத்தை எங்கே கொட்டினார்கள், அங்கே யார் குடியிருந்தார்கள் என்ற மூன்று கேள்விகள் அந்தப் புத்தகங்களில் கடைசிப் பக்கங்களுக்குப் போய்விடும். இந்தக் கட்டுரையில் நாம் அந்த மூன்று கேள்விகளை முதலில் வைக்கிறோம்.

கோலார் தங்கவயல் என்றதும் இளம் தோழர்களுக்கு இன்று சினிமா ஞாபகம் வரும். ஒரு படத்தில் தங்கவயல் ஒரு நாயகனின் சாம்ராஜ்யம். 2024இல் வந்த பா.இரஞ்சித்தின் ‘தங்கலான்’ வட ஆற்காட்டிலிருந்து போன நம் மக்களின் பக்கம் நின்று அதே மண்ணைக் காட்டியது. அந்தப் படம் பேசியது நிலத்தையும் நினைவையும். நாம் இங்கே பேசப்போவது ஆலையையும் ரசாயனத்தையும். சாதியும் சுரண்டலும் ரசாயனத்துக்குள்ளும் இருக்கின்றன.

விருதுநகர் மாவட்டத்தில் தங்கச் சுரங்கம் எதுவும் இல்லை. ஆனால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. கந்தகத்தின் வாடையோடு வளர்ந்தவர்கள் நாம். மருந்தைக் கையால் அள்ளுகிறவர் ஒருவர், அதன் லாபத்தை ஏட்டில் எழுதுகிறவர் இன்னொருவர் என்பதை நாம் தினமும் பார்க்கிறோம்.

கல்லுக்குள் தங்கம் எப்படி இருக்கிறது?

கொஞ்சம் அறிவியலோடு தொடங்குவோம். பாறையில் தங்கம் இரண்டு விதமாகக் கிடைக்கும். வெள்ளைப் படிகக் கல்லில், அதாவது குவார்ட்ஸில், தனித் துகளாக இருப்பது ஒரு விதம். அந்தக் கல்லை உடைத்து அரைத்து நீரில் அலசினாலே பெரும்பகுதி பிரிந்துவிடும். தங்கத்தின் அடர்த்தி 19.3. மணலின் அடர்த்தி 2.6 அளவுதான். ஓடுகிற நீரில் மணல் போய்விடும், தங்கம் தங்கிவிடும்.

இன்னொரு விதத்தில் தங்கம் சல்பைடு தாதுக்களுக்குள் சிக்கிக் கிடக்கும். சல்பைடு என்றால் உலோகமும் கந்தகமும் சேர்ந்தது. பைரைட் இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. ஆர்சனோபைரைட்டில் அவற்றோடு ஆர்சனிக்கும் உண்டு. அந்தத் தாதுவின் உடலுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத அளவில் தங்கம் புதைந்திருந்தால், அலசினாலும் வராது, பாதரசத்திலும் ஒட்டாது. மாவுபோல அரைக்க வேண்டும், அல்லது வறுத்துக் கந்தகத்தை விரட்ட வேண்டும்.

கோலாரில் இரண்டும் இருந்தன. புகழ்பெற்ற சாம்பியன் தாதுப்படலம் முதல் வகை. மேற்குப் பக்கத்து ஓரியண்டல், மெக்டாகர்ட் வெஸ்ட் படலங்கள் சல்பைடு கலந்தவை. தொடக்கத்தில் ஒரு டன் கல்லில் ஓர் அவுன்சுக்கும் மேல், அதாவது 31 கிராமுக்கும் மேல், தங்கம் கிடைத்தது. கடைசிக் காலத்தில் டன்னுக்குச் சில கிராம்தான். தங்கம் குறையக் குறைய, அதே அளவு தங்கத்துக்கு அதிகக் கல்லை உடைக்க வேண்டும், அதிக ரசாயனம் சேர்க்க வேண்டும், அதிகக் கழிவைக் கொட்ட வேண்டும். இந்த மூன்றின் சுமையையும் தாங்கியவர்கள் யார் என்பதுதான் தங்கவயலின் வரலாறு.

துடைப்பம் பிடித்த பெண்கள்

திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்த பிறகு, மைசூர் எல்லையை அளக்க வந்த ஆங்கிலேய அதிகாரி லெப்டினன்ட் ஜான் வாரன். இங்கே மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு 1802இல் உரிகம் பகுதிக்குப் போனார். தங்கம் எடுத்துக் காட்டியவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். ஆளுக்கொரு சிறு துடைப்பமும் மரத் தட்டும் வைத்திருந்தார்கள். ஓடைப் பள்ளத்தில் சரளையை ஒதுக்கி, அடியிலிருந்த மண்ணைக் கூட்டி அள்ளி, நீரில் அலசித் தங்கப் பொடியைக் காட்டினார்கள். மாரிக்குப்பத்தில் ஆண்கள் குழிக்குள் இறங்கிக் கல்லைக் கூடையில் கைமாற்றி மேலே அனுப்ப, பெண்கள் அதைப் பாறையில் வைத்து இடித்துப் பொடியாக்கி அலசினார்கள்.

இதை மேலோட்டமாகப் படித்தால் பழைய காலத்துக் கைவேலை என்று தோன்றும். ஆனால் உடைத்தல், அரைத்தல், அலசிப் பிரித்தல் என்று ஆலையின் மூன்று கட்டங்களும் அங்கே இருந்தன. எந்த ஓடை மண்ணைக் கூட்ட வேண்டும், எந்தக் கல்லை இடிக்க வேண்டும் என்ற அறிவு அந்த மக்களிடம் இருந்தது. வாரனின் குறிப்பைப் பல பத்தாண்டுகள் கழித்துப் படித்த மைக்கேல் லாவெல் என்ற ஓய்வுபெற்ற அயர்லாந்துச் சிப்பாய், 1870களில் மைசூர் சமஸ்தானத்திடம் சுரங்க உரிமை வாங்கினார். 1880இல் லண்டன் நிறுவனமான ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்தது. ‘கண்டுபிடித்தவர்கள்’ என்று இந்தத் துரைகளின் பெயர்கள் வரலாற்றில் ஏறின. துடைப்பம் பிடித்த பெண் ஒருத்தியின் பெயர்கூட ஏறவில்லை.

பாதரசத் தட்டும் சந்தேகமும்

சுரங்கத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து மக்கள் போனார்கள். பஞ்சமும் பண்ணையாட்களின் அடிமை வாழ்வும் ஊரைவிட்டுத் துரத்தின. பூமிக்கடியில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் ஆதிதிராவிடர்கள். ஒரு காலத்தில் நான்கு சுரங்கங்களிலுமாகச் சுமார் 30,000 பேர் வேலை செய்தார்கள். மேலே அதிகாரிகளாக ஆங்கிலேயர்கள். அவர்களுக்குக் கீழே ஆங்கிலோ-இந்தியர்கள் முதலான மேற்பார்வையாளர்கள்.

மேலே வந்த கல் இடிப்பாலைக்குப் போகும். கனமான இரும்பு உலக்கைகள் வரிசையாக நின்று இரவும் பகலும் இடிக்கும். இடித்த கூழ், பாதரசம் பூசிய செப்புத் தட்டுகளின் மேல் ஓடும். தங்கம் பாதரசத்தோடு ஒட்டி ரசக்கலவையாகும். அதைச் சுரண்டி எடுத்துச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் நிற்கும். அந்த ஆவி நரம்புகளைச் சிதைக்கும் நஞ்சு.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பாறைக்குள் இருக்கும்வரை தங்கம் தொழிலாளியின் பொறுப்பு. அவர் உயிரைப் பணயம் வைத்து அதை வெட்டித் தர வேண்டும். பாறை வெடிப்பில் புதைந்துபோகவும் அவரை நம்பி அனுப்பலாம். தங்கம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும் அதே தொழிலாளி திருடனாகிவிடுவார். உடல் சோதனை, காவல் படை, தனிச் சட்டம் எல்லாம் அவரைக் குறிவைத்தே வந்தன. தங்கம் கலந்த பொருள் ஒன்று கையில் இருந்து, அதற்குக் கணக்குக் காட்ட முடியாவிட்டால், அதையே குற்றமாக்கியது சமஸ்தானச் சட்டம்.

1930இல் நிர்வாகம் தொழிலாளர்களைக் கைரேகை வைத்துப் பதிவு செய்யச் சொன்னபோது தங்கவயல் முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. தென் மாவட்டத்துக்காரர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும். குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் பக்கம் ‘ரேகைச் சட்டம்’ என்றுதான் சொல்வார்கள். 1920இல் பெருங்காமநல்லூர் மக்கள் அதை எதிர்த்துத் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். கைரேகை என்றால் நீ பிறவிக் குற்றவாளி என்று அரசு எழுதி வைப்பது. ஊரில் சேரியைவிட்டுத் தப்பி வந்த மக்கள், கம்பெனியின் ஏட்டில் மறுபடி ஒரு பிறவி முத்திரை விழுவதை ஏற்கவில்லை. கூலி உயர்வைத் தாண்டிய மானப் போராட்டம் அது.

கழிவு மறுபடி பணமான கதை

பாதரசத் தட்டு எல்லாத் தங்கத்தையும் பிடிக்காது. நுண்துகளும் சல்பைடில் ஒட்டிய தங்கமும் மணலோடு வெளியே போகும். அந்த மணலைக் கழிவு என்று கொட்டினார்கள். 1887இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜான் ஸ்டூவர்ட் மெக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் சயனைடு முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். நியூசிலாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும் பரவிய அந்த முறை கோலாருக்கும் வந்தது.

முறை எளிது. அரைத்த மணலைத் தொட்டியில் நிரப்பி, ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சயனைடு கலந்த நீரை அதில் ஊடுருவ விட வேண்டும். காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் சயனைடும் சேர்ந்தால் தங்கம் கரையும். அந்தக் கரைசலை வடித்துத் துத்தநாகத்தோடு சேர்த்தால் தங்கம் மறுபடி திடமாகப் படியும். சுண்ணாம்பு சேர்த்துக் கரைசலைக் காரத்தன்மையில் வைத்திருக்க வேண்டும். தவறி அமிலமானால் ஹைட்ரஜன் சயனைடு வாயு எழும். அது ஆளைக் கொல்லும்.

சல்பைடு கலந்த தாது இங்கேயும் தொல்லை கொடுக்கும். சில இரும்பு சல்பைடுகள் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். எளிதில் கரையும் செம்புத் தாதுக்கள் சயனைடைத் தின்றுவிடும். அதனால் இன்னும் நுணுக்கி அரைப்பார்கள், இன்னும் ரசாயனம் சேர்ப்பார்கள். அரைக்க அரைக்கக் கழிவு மாவாகும். மாவானால் காற்றில் பறக்கும்.

இங்கே நாம் கற்க வேண்டிய முதல் பாடம் இருக்கிறது. நேற்று கழிவு என்று கொட்டிய மணல், புது ரசாயனம் வந்ததும் சொத்தானது. அப்படியென்றால் கழிவு என்பது அந்தப் பொருளின் இயல்பு அல்ல. எது கழிவு, எது சொத்து என்று கோடு போடுகிறவர் யார் என்பதைப் பொறுத்தது அது. அந்தக் கோட்டைப் போட்டது லண்டன் அலுவலகமும் கம்பெனியின் ஆய்வுக்கூடமும். பங்குதாரருக்கு டிவிடெண்ட் போனது, சமஸ்தானத்துக்கு ராயல்டி போனது. தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் சயனைடு மலைகள் எழுந்தன. ‘சயனைடு மலை’ என்பது அந்த மக்கள் வைத்த பெயர்.

பவுன் கணக்கு

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நூற்றி இருபது ஆண்டுகளில் தங்கவயல் கொடுத்த தங்கம் சுமார் 800 டன். இன்று அங்கே 13 மேடுகளாகக் கிடக்கும் கழிவு சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். வகுத்துப் பாருங்கள். ஒரு கிராம் தங்கத்துக்கு 41 கிலோ கழிவு. எட்டு கிராம் கொண்ட ஒரு பவுனுக்கு 330 கிலோ.

கல்யாண வீட்டில் பெண்ணுக்குப் பத்துப் பவுன் போட்டார்கள் என்று பெருமையாகச் சொல்வோம். கோலார் கணக்கில் அதன் பின்னால் 3,300 கிலோ தூசி இருக்கிறது. தங்கம் பெட்டியிலேறிப் போய்விட்டது. தூசி எங்கும் போகவில்லை. சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதையும் என்பது உண்மைதான். ஆனால் நுணுக்கி அரைத்த சிலிக்கா சிதையாது. காற்றுக் காலத்தில் அது சாம்பல் நிறத்தில் எழுந்து வீட்டுக்குள் வரும், சோற்றில் விழும், நெஞ்சில் இறங்கும்.

சுரங்கத்துக்குள் அதே சிலிக்கா துளையிடும்போதும் வெடி வைக்கும்போதும் பறந்தது. 1940களில் நடந்த மருத்துவப் பரிசோதனையில், பார்க்கப்பட்ட 7,653 தொழிலாளர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கும் அதிகமானவர்களுக்கு சிலிகோசிஸ் இருந்தது தெரியவந்தது. நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய் அது. மருந்தால் குணமாகாது. கம்பெனி வந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு எடுக்கப்பட்ட கணக்கு அது. ஒவ்வொரு டன் கல்லிலும் எத்தனை கிராம் தங்கம் என்று அன்றாடம் சோதித்த ஆய்வுக்கூடம் அந்த அறுபது ஆண்டுகளும் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. கல்லைச் சோதிக்க நேரம் இருந்தது. மனிதரைச் சோதிக்க இல்லை.

அவர்கள் தாங்களே எழுதிய ஏடு

இதையெல்லாம் வாய்மூடித் தாங்கிய கூட்டமாக அந்த மக்களைப் பார்த்தால் அது பெரிய பிழை. பண்டிதர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் வலுவான கிளைகள் இருந்தன. 1914இல் அவர் மறைந்த பிறகு நின்றுபோன ‘தமிழன்’ இதழை, 1926இல் ஜி.அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மறுபடி நடத்தினார். அங்கிருந்த சித்தார்த்தா அச்சகம் பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. எட்டு மணி நேரம் பூமிக்கடியில் கல்லை உடைத்துவிட்டு மேலே வந்த மக்கள், காசு சேர்த்து அச்சகம் நடத்தினார்கள், இரவுப் பள்ளி நடத்தினார்கள், சாதி ஒழிப்பைப் பேசினார்கள்.

1940களில் தொழிற்சங்கம் வளர்ந்தது. 1946 நவம்பரில் காவல்துறை சுட்டதில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பின்னாளில் குடியரசுக் கட்சிக்காரர்களைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி அது. கம்பெனியின் ஏட்டில் தங்கம் மட்டும் இருந்தது. மக்கள் தங்கள் ஏட்டைத் தாங்களே எழுதினார்கள். அந்த ஏடு இருப்பதால்தான் இன்று நாம் இதை எழுத முடிகிறது.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. பிறகு அவை ஒன்றிய அரசிடம் போயின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. வெள்ளைக் கம்பெனி போய் சொந்த அரசு வந்தது, மேடுகள் அப்படியே நின்றன. பிழைப்புக்காக அந்த ஊரின் பிள்ளைகள் விடியற்காலையில் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். மேட்டின் மேல் சினிமாப் பாட்டுக்குப் படப்பிடிப்பு நடந்தது.

தூத்துக்குடி சொல்லும் அதே பாடம்

கோலார் தூரத்தில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் நம் பக்கத்து மாவட்டத்தைப் பாருங்கள். செம்பின் முதன்மைத் தாது சால்கோபைரைட். அதன் எடையில் செம்பு சுமார் 35 விழுக்காடு, கந்தகமும் ஏறக்குறைய 35 விழுக்காடு, மிச்சம் இரும்பு. எவ்வளவு செம்போ அவ்வளவு கந்தகம். ஆக்சைடு வகைச் செம்புத் தாதுவை நீர்த்த கந்தக அமிலத்தில் எளிதாகக் கரைக்கலாம். சால்கோபைரைட் அப்படி லேசில் கரையாது. அதனால் உலையில் உருக்குகிறார்கள். கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடு வாயுவாகும். அதைப் பிடித்து அமிலமாக்க வேண்டும். பிடிக்காமல் விட்டது காற்றில் கலக்கும். இரும்பு கசடாகக் குவியும்.

தமிழ்நாட்டில் செம்புச் சுரங்கத்தை நம்பி அந்த ஆலை வரவில்லை. தாது கப்பலில் வெளிநாட்டிலிருந்து வந்தது. செம்பு விற்பனைக்குப் போனது. கந்தகமும் கசடும் தூத்துக்குடிக்கு மிஞ்சின. மாசு ஏற்படுத்தியதற்காக 2013இல் உச்ச நீதிமன்றம் ஸ்டெர்லைட் ஆலைக்கு 100 கோடி ரூபாய் விதித்தது. 2018 மே 22இல், போராட்டத்தின் நூறாவது நாளில், துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். ஆலை மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அந்த மூடலை உறுதி செய்தது.

உள்ளே போன எடையும் வெளியே வந்த எடையும் சமம் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த விதி. எந்த ஆலைத் திட்டம் வந்தாலும் இந்த விதியை வைத்து நாம் கேட்க வேண்டும். எத்தனை டன் உள்ளே போகும்? எத்தனை டன் பொருளாக விற்பனைக்குப் போகும்? மிச்சம் எங்கே போகும்? அங்கே யார் வீடு இருக்கிறது? பெரும்பாலும் கடைசிக் கேள்வியின் விடை காலனியாக இருக்கும், மீனவர் குப்பமாக இருக்கும், புறம்போக்கில் குடியிருக்கும் மக்களாக இருக்கும்.

மேடு மறுபடி திறக்கிறது

கோலார் மேடுகளில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் மிச்சமிருக்கிறது. தங்கத்தின் விலை ஏறியதால் அந்த ஒரு கிராமுக்கும் இன்று மதிப்பு வந்துவிட்டது. 2024 ஜூனில், 13 மேடுகளும் கிடக்கும் ஏறத்தாழ 1,003 ஏக்கரில் அவற்றை மறுபடி பிரித்தெடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

கழிவு மறுபடி சொத்தாகிறது. 1890களில் நடந்த அதே காரியம் இது. அன்று கோடு போட்ட இடத்தில் தொழிலாளி இல்லை. இந்த முறை இருக்க வேண்டும். மேட்டைத் தோண்டும் முன்பு அந்த ஊரின் ஒவ்வொரு நுரையீரலுக்கும் பரிசோதனை வேண்டும். தூசியைக் கட்டுப்படுத்தும் திட்டத்தையும் நீர்ப் பரிசோதனை முடிவுகளையும் மக்கள் மொழியில் வெளியிட வேண்டும். வேலையிலும் வருவாயிலும் பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கு முதல் உரிமை வேண்டும். இதைச் சலுகை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த மேட்டில் கிடப்பது அவர்களுடைய தாத்தாக்கள் உடைத்த கல்.

நம் ஊருக்கும் இது பொருந்தும். எத்தனை பெட்டி பட்டாசு ஏறியது, எத்தனை கோடி வியாபாரம் நடந்தது என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் கணக்கு வருகிறது. விபத்து நடந்தால் மட்டும் ஆட்களை எண்ணுகிறார்கள். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் 38 பேர் என்று எண்ணியதுபோல. விபத்தில் சிக்காமல், இருபது ஆண்டுகள் அலுமினியத் தூளும் கந்தகமும் சுவாசித்து, நாற்பது வயதில் மூச்சு வாங்க உட்காரும் அக்காக்களை யார் எண்ணுகிறார்கள்? அந்தக் கணக்கை அரசு எடுக்கும் என்று அறுபது ஆண்டுகள் காத்திருக்க முடியாது.

வேதியியல் படிக்கும் தோழர்களே, சமூகவியல் படிக்கும் தோழர்களே, இரண்டு பேரும் ஒன்றாக உட்காருங்கள். ஒருவர் கழிவின் எடையைக் கணக்கிடட்டும், இன்னொருவர் வீடு வீடாகப் போய்க் கேட்கட்டும். தங்கவயல் மக்கள் சுரங்க வேலைக்கு நடுவே தங்கள் ஏட்டைத் தாங்களே அச்சிட்டார்கள். நம் கையில் செல்போன் இருக்கிறது, படிப்பு இருக்கிறது. ஒரு தெருவிலிருந்து தொடங்குவோம்.